ஆவுடையம்மாளின் கள்ளமற்ற கண்

மட்டாஞ்சேரியில் காற்று எல்லோருக்கும் பொது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காயல் பக்கமிருந்து கிளம்பும் காற்று நேராக முத்துவேலின் மாடி வீட்டு முன்னறைக்குள் நுழைந்து, அங்கே உட்கார்ந்து இளைப்பாறி, மிச்சம் மீதி இருந்தால்தான் ஊருக்குள் போகும். சித்திரை வெயிலில் தெருவில் நடக்கிறவன் மெழுகுவர்த்தி மாதிரி உருகிக்கொண்டிருப்பான்; அந்த அறையில் உட்கார்ந்திருப்பவன் போர்வை கேட்பான். இந்த அறைதான் வழக்குக்கு மூலம்.

முத்துவேல் ஏலூரில் ஓர் உரத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுவதும் ஆவிக்கும் புகைக்கும் நடுவிலேயே உலகத்தைப் பார்த்ததால், ஓய்வுக்குப் பிறகு தூரிகையைக் கையில் எடுத்தபோது அவர் வரைந்ததெல்லாம் புகைமூட்டமாகவே வந்தது. கீழே சாயாக்கடை வைத்திருக்கும் ஷாஃபியிடம் ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு "இம்ப்ரஷனிசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது சாயாவுக்குச் சர்க்கரை போதவில்லை என்றும் சொன்னாராம். ஷாஃபி இரண்டையும் குறையாகவே எடுத்துக்கொண்டார். முத்துவேல் முதலாவதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, முன்னறை முழுவதையும் படத்தால் நிரப்பிவிட்டார்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் தோசை மாவு விற்பவள். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்த கைப்பக்குவம். மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்குக் காலை விடிவதே அவள் மாவில்தான். ஆனால் கொச்சி வெக்கையில் அடுக்களையில் வைத்த மாவு மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கி வாசல் வரை நடந்து வந்துவிடும். அவளுக்கு வேண்டியது அந்தக் குளுகுளு முன்னறை.

"வீட்டுல இருக்குத ஒரே நல்ல ரூமு. அதுல போயி ஈரச் சொவரு மாதிரி படமா அடுக்கி வச்சிருக்கீய. இதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, ஊரான் செவத்துல தொங்குமா?"

"தொங்கும்."

"தொங்கலைன்னா?"

"ரூமு ஒனக்கு."

ஷாஃபியைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்து ஒப்பந்தம் முடிந்தது. அகில கொச்சி இம்ப்ரஷனிச மன்றத்தின் வருடாந்திரக் கண்காட்சிச் சுவரில் முத்துவேலின் படம் தொங்கினால் அறை ஆயுளுக்கும் அவருக்கு. தொங்காவிட்டால் மாவுக்கு.

"அண்ணாச்சி," என்றார் ஷாஃபி, அவரைத் தனியாக இழுத்து, "அந்த மன்றத்தைப் பத்தி அறியாம வாக்கு கொடுத்துட்டீங்களே!"

மன்றம் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் இயங்கியது. மிளகு போய் அரை நூற்றாண்டு ஆகியும் நெடி போகவில்லை. அங்கே யாரும் பேசத் தொடங்கும் முன் தும்முவார்கள், அதையே வணக்கமாக ஏற்றுக்கொள்வது மரபு. தலைவர் சிவராமகிருஷ்ணன், நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டுக்காரர். மங்கலான கலைக்குத் துல்லியமான விதிகள் இல்லாதது நாட்டுக்கே அவமானம் என்று கருதி, எவ்வளவு மங்கல் மங்கல் ஆகும், எந்த இடத்தில் வெறும் அழுக்கு தொடங்குகிறது என்பதையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்து எல்லைக்கல் நட்டவர்.

போட்டிக்கு வந்தவர்களைக் கூட்டி வைத்து அவர் தும்மினார். பிறகு பேசினார்.

"பாரிஸில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு நடுவர் குழு நல்ல நல்ல ஓவியர்களை எல்லாம் நிராகரித்தது. நிராகரிக்கப்பட்டவர்கள் தனியாகப் படம் மாட்டினார்கள். உலகப் புகழ் பெற்றார்கள். இதில் நமக்கு என்ன பாடம்?"

நடுவர்கள் மடையர்கள் என்பதுதான் பாடம் என்று முத்துவேல் நினைத்தார். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

"நிராகரிப்புதான் கலைஞனை உண்டாக்கறது! ஆகவேதான் இந்த மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து தகுதியுள்ள ஒருத்தரைக்கூட நாங்கள் தேர்வு செய்ததில்லை. இதைக் கர்வத்தோடு சொல்லிக்கொள்கிறேன். எத்தனையோ பேரைப் புகழின் வாசலில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறோம்."

"அப்போ செவத்துல தொங்குத படமெல்லாம்?" என்று முத்துவேல் கேட்டேவிட்டார்.

"நடுவர்களோடது. எங்களுக்கு இனிமேல் புகழ் வேண்டாம் என்று தியாகம் பண்ணி எங்களை நாங்களே தேர்வு செய்துகொண்டோம். அந்த வலி உங்களுக்குப் புரியாது."

கைதட்டல் எழுந்தது. ஆனால் இந்த வருஷம் ஒரு சிக்கல். மானியம் கொடுக்கிற இலாகா ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டது: வெளியாள் ஒருவரின் படமாவது தொங்க வேண்டும், நடுவர் குழுவில் பொதுஜனத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். தலைவர் இதைப் படித்துக்காட்டியபோது அவர் குரல் ஊரில் காலரா வந்ததை அறிவிக்கிறவர் குரலாக இருந்தது. முத்துவேலுக்கோ அறையின் காற்று முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

முதல் சடங்கு, கறுப்புச் சோதனை. உண்மையான இம்ப்ரஷனிசக்காரன் கறுப்பைத் தொடமாட்டான் என்பது மன்றத்தின் முதல் விதி. படத்தில் இல்லாவிட்டால் போதாது; வீட்டிலேயே இருக்கக் கூடாது. செயலாளர் சுதீர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு வந்து இறங்கினார்.

"சேட்டா ஒண்ணும் நினைக்கண்டா. ஒரு சம்பிரதாயம், அவ்வளவே உள்ளு," என்று சொல்லிவிட்டு வண்ணப் பெட்டியைக் கவிழ்த்தார். கறுப்பு இல்லை. கதவிடுக்கில் மாட்டியிருந்த குடையைப் பார்த்ததும் முகம் மாறியது. குடை பறிமுதல். அடுக்களைக்குள் நுழைந்து தோசைக்கல்லை நோக்கிக் கை நீட்டினார்.

"அதைத் தொட்டீயளோ, அப்புறம் கைக்குட்டை பிடிக்கக் கை இருக்காது," என்றாள் ஆவுடையம்மாள், மாவுக் கரண்டியோடு.

சுதீர் குறித்துக்கொண்டார்: "தோசைக்கல். கலாசாரக் காரணங்களுக்காக விலக்கு." மொட்டை மாடியில் ஒரு காகம் இருந்தது. சுதீர் காகத்தைப் பார்த்தார். காகம் சுதீரைப் பார்த்தது. வீட்டைச் சேர்ந்ததல்ல என்று முத்துவேல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து படியிறங்கப் போன சுதீர் திரும்பி வந்து, முத்துவேலின் தலையில் கைக்குட்டையை வைத்து ஒரு தேய் தேய்த்தார். கைக்குட்டை அமாவாசையாகிவிட்டது.

"தலையில இத்தர கறுப்பு வெச்சிட்டு எங்ஙனே சேட்டா வெளிச்சம் வரும்?"

சாயம் போட்டு நாற்பதாகக் காட்டிக்கொண்டிருந்த முத்துவேல் மறுநாள் அறுபத்தாறாகத் தெருவில் இறங்கினார். ஷாஃபியே ஒரு நிமிஷம், "யாரு, அண்ணாச்சியோட வாப்பாவா?" என்று எழுந்து நின்றார்.

இரண்டாவது விதி, படம் திறந்த வெளியில்தான் வரையப்பட வேண்டும். கூரைக்குக் கீழே வரைந்தது செல்லாது. முத்துவேல் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி வரைந்த படங்களைக் காட்டினார். மன்றம் இதற்கென்று உபகுழு போட்டு ஆராய்ந்து, "கழுத்துக்கு மேற்பட்ட பகுதி இம்ப்ரஷனிசத்தைச் சேர்ந்தது, கை சேராது" என்று தீர்ப்பளித்தது. ஆகவே அவர் தெருவில் இறங்கி, படகுத்துறைப் பக்கமாக நின்று, தன் வீட்டையே வரைய முடிவு செய்தார். மாடியில் கொடி, கொடியில் ஆவுடையம்மாளின் பச்சைப் புடவை காய்கிறது, பின்னால் ஆகாயம். அவ்வளவுதான் படம்.

அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார். ஒரு கணத்தின் வெளிச்சத்தைப் பிடிப்பதுதான் இந்தக் கலை என்பதால், எந்தக் கணம் என்று முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். முத்துவேலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று நிமிஷ வெளிச்சம் ஒதுக்கப்பட்டது. மேற்பார்வைக்கு மன்றத்திலிருந்து ஸ்நேஹா என்று ஒரு பெண் விசிலோடு வந்திருந்தாள்.

விசில் ஊதினாள். முத்துவேல் தூரிகையை முக்கினார். மேகம் வந்து சூரியனை மூடியது.

"அங்கிள், இந்த மேகத்துக்கு அனுமதி இல்லை."

"மேகத்தை நானா கொண்டாந்தேன்?"

"ஒளிமாற்ற விண்ணப்பம் கொடுங்க. நாப்பது நாள்ல வேற கணம் அலாட் பண்ணுவாங்க."

முத்துவேல் கெஞ்சினார். ஸ்நேஹா நல்ல பெண். மேகம் விலகும்வரை நேரத்தை நிறுத்திவைத்தாள். அவளுக்கு அந்த அதிகாரம் இருந்தது. குடையில்லாத நரைத்தலையோடு அவர் நின்றார், நின்றார், சூரியன் எட்டிப் பார்த்ததும் அடுப்பில் பால் பொங்கியவன் மாதிரி பாய்ந்து வரைந்தார். வரைந்து முடித்து வியர்வையைத் துடைக்கத் திரும்பிய நேரம், மட்டாஞ்சேரித் தெருக்களை ஆளும் ஆடுகளில் ஒன்று வந்து, ஈரப் படத்தில் முதுகைச் சொறிந்துகொண்டு போய்விட்டது. இரண்டாவது விசில் ஏற்கெனவே ஊதிவிட்டதால் திருத்தவும் வழியில்லை.

"வரைஞ்சது யாருன்னு கேட்டா?" என்றார் முத்துவேல் பரிதாபமாக.

"ஆட்டைப் பத்தி விதி ஒண்ணும் இல்லை அங்கிள்," என்றாள் ஸ்நேஹா.

தேர்வு நாள் வந்தது. போட்டியாளர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எந்தப் படம் யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. நடுவர் யாரையாவது தெரிந்ததாகப் போட்டியாளர் காட்டிக்கொண்டால் உடனே தள்ளுபடி. நான்கு நடுவர்கள் வரிசையாக அமர்ந்தார்கள். ஐந்தாவது நாற்காலி பொதுஜனத்துக்கு. அதற்கு வேண்டிய தகுதியைத் தலைவர் விளக்கினார்:

"கலையைப் பற்றி எதுவும் அறியாத, கள்ளமற்ற கண் எங்களுக்கு வேண்டும். இத்தனை நாள் தேடினோம். ஒருத்தர் காலண்டர் வாங்கும்போது படம் பார்த்து வாங்குவேன் என்றார். நிபுணர் என்று தள்ளிவிட்டோம். கடைசியில் நேற்று, நம்ம சுதீர் மதியச் சாப்பாட்டுக்கு மாவு வாங்கப் போன இடத்தில் ஒரு ரத்தினத்தைக் கண்டெடுத்தார். சித்திரத்தைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று இவர் கேட்க, அந்த அம்மா சொன்ன பதிலை அப்படியே வாசிக்கிறேன். 'அந்த எழவெடுத்த சமாச்சாரத்தை எங்கிட்ட கேக்காதீய.' இவ்வளவு தூய்மையான பார்வை ஐரோப்பாவிலேயே இல்லை!"

தலைப்பு மடித்துச் செருகிய பட்டுப் புடவையில் ஆவுடையம்மாள் நடந்து வந்து ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முத்துவேல் ஒரு சத்தம் போட்டால் படம் தள்ளுபடி. போடாவிட்டால் அறை போகும். அவள் கயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கூட்டத்தில் யாரோ ஒரு நரைத்த ஆள் நிற்கிறார் என்பதற்கு மேல் அந்தக் கண்ணில் ஒன்றுமில்லை.

சடங்குகள் ஆரம்பமாயின. ஒரு கூடை சுற்றி வந்தது. நடுவர்கள் கண்ணாடிகளைக் கழற்றி அதில் போட்டார்கள். கூர்மையாகப் பார்ப்பது இந்தக் கலைக்கு எதிரானது. பிறகு எல்லோரும் கண்ணைப் பாதி மூடினார்கள். நாலாவது நடுவர் வயதானவர், மீதிப் பாதியையும் மூடிவிட்டார். ஒவ்வொரு படமும் வந்து ஒவ்வொன்றாகப் புகழுக்கு அனுப்பி வைக்கப்பட்டது. "மரம் மரமாகவே தெரிகிறது. நிராகரிப்பு." "படகில் எழுத்து படிக்க முடிகிறது. நிராகரிப்பு." கடைசியில் முத்துவேலின் படம் வந்தது.

ஒருவர் எழுந்து போய்க் கேன்வாஸில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் புரியவில்லை," என்று அறிவித்தார். சபை பரபரப்பானது, அந்தச் சோதனையில் இதுவரை யாரும் முழு மதிப்பெண் பெற்றதில்லை.

"இந்தத் தூரிகை வீச்சைப் பாருங்கோ," என்றார் தலைவர். "இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. ஆன்மா தன்னைத்தானே தேய்த்துக்கொண்டு போன மாதிரி இருக்கு. நான் ஆதரவு."

"ஆனால் நடுவில் அந்தப் பச்சை?" என்றார் இரண்டாமவர். "காயலின் நினைவா, கிளிகளின் துக்கமா என்பது தெளிவில்லை."

"தெளிவில்லாதது நல்லதுதானே?"

"எந்த வகைத் தெளிவின்மை என்பதில் தெளிவில்லை. எதிர்ப்பு."

மூக்கை வைத்துப் பார்த்தவரும் தும்மிவிட்டு எதிர்ப்பு என்றார். நாலாமவரின் குறட்டை அந்த இடத்தில் ஒரு சுருதி ஏறியதால் ஆதரவாகக் கணக்கிடப்பட்டது. இரண்டுக்கு இரண்டு. எல்லாத் தலையும் ஐந்தாவது நாற்காலிப் பக்கம் திரும்பியது.

"அம்மா, அந்தப் பச்சை உங்கள் கள்ளமற்ற கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது?"

"பொடவை," என்றாள் ஆவுடையம்மாள்.

சபையில் ஒரு பெருமூச்சு. "காயலைப் புடவை என்கிறார்! குழந்தை மனசு!" என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொடவைதாங்க. தீபாவளிக்கு எடுத்தது. ஆனா இப்படியா வெளுத்துக் கெடக்கும்? வரைஞ்ச மனுசனுக்குக் கண்ணு சரியில்லை. பச்சை இன்னும் பச்சையாத்தான் இருக்கு."

முத்துவேல் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். போயிற்று. ஜன்னல் போயிற்று, காற்று போயிற்று, இனி முன்னறை முழுக்க மாவுக் குண்டான்.

"ஒரு சமாச்சாரம் கேக்கணும்," என்றாள் அவள். "இந்தப் படம் தோத்துப் போனா எங்க போகும்?"

"வரைந்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகும் அம்மா."

"செயிச்சா?"

"மன்றத்தின் சொத்து. இங்கேயே நிரந்தரமாக இருக்கும். திருப்பித் தரமாட்டோம்."

ஆவுடையம்மாள் யோசித்தாள். மாவு புளித்ததா இல்லையா என்று விரலால் தொட்டுப் பார்க்கும்போது அவள் முகத்தில் வருகிற அதே யோசனை.

"அந்த மனுசன் வீட்டுல இன்னும் நெறையப் படம் கெடக்குமே. கெடக்கும்லா? அதையும் எடுத்துக்கிடுவீயளா?"

தலைவர் விதிப் புத்தகத்தை முகத்துக்கு வெகு அருகில் பிடித்துப் புரட்டினார். "ஓர் ஓவியரின் முழு வாழ்நாள் படைப்பையும் ஏற்றுக்கொண்டு அவருக்கு 'வெளியொளிச் செல்வர்' பட்டம் தருவதாக ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவரும் அதைப் பிரயோகித்ததில்லை. அவ்வளவு பெரிய மனசு எங்களுக்கு இருந்ததில்லை."

"எனக்கு இருக்கு. போடுங்க ஆதரவு. எல்லாத்துக்கும்."

சபை எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்தில் நாலாவது நடுவர் விழித்துக்கொண்டு, "நிராகரிப்பு," என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை. கூடையிலிருந்து கண்ணாடிகளை எடுத்து ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டார்கள். யாருக்கும் அவரவர் கண்ணாடி கிடைக்கவில்லை. எல்லோரும் அந்த வருஷத் தேர்வு மிகச் சிறப்பாக அமைந்ததாகச் சொன்னார்கள்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் முத்துவேலுக்கு நெஞ்சு விம்மியது. கூட வாழ்ந்தவளைப் பற்றி என்னென்ன நினைத்துவிட்டோம்! ரூமையே எனக்காக விட்டுக்கொடுத்தாளே! ஷாஃபி கடைக்கு முன்னால் அவளைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரே போய் நின்றார்.

"ஆவுடை... நீ எனக்காக..."

"அட, அழுதுகிட்டு நிக்காதீய. நாளைக்குக் காலைல வண்டி வருது. படத்தையெல்லாம் தூக்கி வெளிய வைங்க."

காலையில் மன்றத்து வண்டி வந்தது. ஒரு படம் விடாமல் ஏற்றினார்கள். அறை காலியாயிற்று, காற்று இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடி விளையாடியது. முத்துவேல் நடுவில் நின்று, புதுக் கேன்வாஸை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சுதீர் பொன்னாடையோடும் பட்டயத்தோடும் ஏறி வந்தார்.

"கங்கிராஜுலேஷன்ஸ் சேட்டா! இனி நீங்க வெளியொளிச் செல்வர். ஒரு சின்ன காரியம். செல்வர் பட்டம் கிட்டியவர் பின்னே ஜீவிதத்துல ஒருக்காலும் கூரைக்குக் கீழே தூரிகை எடுக்கக் கூடாது. திடீர்ச் சோதனை உண்டு. எடுத்தா பட்டம் போகும், படமெல்லாம் திரும்ப வீட்டுக்கு வரும்."

"ஒரு படமும் திரும்பி வரக் கூடாது," என்றாள் ஆவுடையம்மாள், கதவருகிலிருந்து. "இவ்வொ ஒழுங்கா இருப்பாவ. நான் பாத்துக்கிடுதேன்."

முத்துவேல் அவளை மெல்லத் திரும்பிப் பார்த்தார். "இந்த விதி ஒனக்கு முன்னமேயே தெரியுமா?"

"மாவு வாங்க வந்தவரைச் சும்மாவா அனுப்புவாக? உக்கார வச்சு ரெண்டு தோசை போட்டேன். புத்தகம் முழுக்கச் சொன்னாரு. நான் யாரு பொஞ்சாதின்னு மட்டும் மறந்துட்டாரு."

பிறகு அவள் ஷாஃபியை மேலே கூப்பிட்டாள். சாட்சியின் முன்னிலையில் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முத்துவேலின் கையில் வைத்தாள். "ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். படம் தொங்கிருச்சு. ரூமு உங்களுக்கு. நாளைக்கு யாரும் நான் வாக்கு மாறிட்டேன்னு சொல்லப்பிடாது."

"மாஷா அல்லாஹ்," என்றார் ஷாஃபி.

இப்போதெல்லாம் காலை வெயில் ஏறியதும் மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் போனால் வெளியொளிச் செல்வரைப் பார்க்கலாம். குடையில்லாமல், வெள்ளைத் தலையும் சிவந்த மூக்குமாக, வீட்டைப் பார்த்து நின்று வரைந்துகொண்டிருப்பார். மேகம் வந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார், அனுமதி இல்லை. பக்கத்தில் ஓர் ஆடு, தன் முறை வரட்டும் என்று காத்திருக்கும்.

மாடியில் முன்னறை ஜன்னல் திறக்கும். கொடியில் பச்சைப் புடவை காற்றில் படபடக்கும். அதற்கு நடுவிலிருந்து ஆவுடையம்மாள் தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, மரியாதையாக அனுமதி கேட்பாள்:

"ஏங்க! உங்க ரூமுல மாவுக் குண்டானைக் கொஞ்சம் வச்சுக்கிடட்டுமா?"

முத்துவேல் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, சட்டைப் பைக்குள் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். இருக்கும்.

"வச்சுக்கோ," என்பார். "இன்னைக்கு மட்டும்."